அப்பா மாஸ்க்கைப் பிடுங்குகிறார், கழற்றிவிடலாமா?

கேள்வி: என் தந்தை பல ஆண்டுகளாக சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி. மூச்சுத்திணறல் முற்றி ஐ.சி.யு.வில் பைபேப் மாஸ்க் மாட்டியிருக்கிறார்கள். 'மூச்சு முட்டுகிறது, கழற்று' என்று கெஞ்சுகிறார். ஆக்சிஜனைக் கூட்டி வைத்தால் போதாதா? வென்டிலேட்டர் என்றாலே கடைசிக் கட்டம்தானே?

பதில்: கடைசிக் கட்டம் அல்ல. பைபேப் என்பது குழாய் இல்லாமல், மாஸ்க் வழியாகவே காற்றை அழுத்தித் தரும் வென்டிலேட்டர். தொண்டைக்குள் குழாய் செலுத்தும் நிலை வராமல் தடுக்கத்தான் இந்த மாஸ்க். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு இது உயிர் காக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

உங்கள் தந்தையின் சிக்கல் ஆக்சிஜன் குறைவு மட்டுமல்ல. மூச்சுத் தசைகள் களைத்துப்போய், கரியமிலவாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி அமிலத்தன்மையை ஏற்றுகிறது. பொதுவாக ரத்தத்தின் பி.எச். அளவு (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடியதாகப் பொருள்) 7.35க்குக் கீழே இறங்கி, கரியமிலவாயுவின் அழுத்தம் 45 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால் பைபேப் தொடங்குவோம். மூச்சை இழுக்கும்போது கருவி காற்றை அழுத்தித் தந்து தசைகளின் பாரத்தைக் குறைக்கும். விடும்போது சிறிதளவு அழுத்தத்தை வைத்திருந்து சிறு காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். வெறும் ஆக்சிஜன் இந்த வேலையைச் செய்யாது. அளவுக்கு மீறினால் கரியமிலவாயு இன்னும் ஏறும். ஆகவே விரலில் மாட்டும் கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதம் வரை காட்டினால் போதும்; 100 ஆக்கச் சொல்லி நர்ஸிடம் மன்றாடாதீர்கள்.

முகத்தில் காற்று மோதும்போது முதலில் யாருக்கும் திணறத்தான் செய்யும். பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக உயர்த்துவார்கள். அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு, "கருவி தள்ளும்போது இழுங்கள், எதிர்த்து ஊதாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருங்கள். என் அனுபவத்தில், மருந்துக்கு அடங்காத பதற்றம்கூட வீட்டு மனிதரின் குரலுக்கு அடங்கும்.

மாஸ்க்கின் மேல்விளிம்பைக் கவனியுங்கள். கண்ணை நோக்கிக் காற்று கசிந்தால் கண் சிவந்து எரியும். கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் மூக்குத் தண்டில் தோல் சிவந்து புண்ணாகிவிடும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பல்செட் உள்ளவர் அதைக் கழற்றியிருந்தால் கன்னம் குழிந்து காற்று கசியும். ஆடாத பல்செட் என்றால் போடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

தண்ணீர், உணவு, மாத்திரை எல்லாம் மாஸ்க்கைக் கழற்றிய இடைவேளையில்தான், அதுவும் அவர்கள் அனுமதித்தால். வாந்தி வந்தால் மட்டும் யாரையும் கேட்கவேண்டாம்: உடனே மாஸ்க்கை எடுத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூப்பிடுங்கள். தூக்க மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உறவினர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதுவரை முரண்டு பிடித்தவர் திடீரென்று அமைதியாகிக் கண்மூடினால், "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். கூப்பிட்டால் விழித்துச் சரியாகப் பதில் சொல்கிறாரா? சொன்னால் தூக்கம். இல்லையென்றால் கரியமிலவாயு ஏறிய மயக்கமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

தொடங்கிய ஓரிரு மணி நேரத்தில் தமனி ரத்தத்தை மறுபடி சோதிப்பார்கள். அமிலத்தன்மை குறைந்து, மூச்சின் வேகமும் தணிந்திருந்தால் நல்ல அறிகுறி. முதல் நாள் முடிந்தவரை மாஸ்க்கோடு இருந்துவிட்டு, பிறகு மெல்லக் குறைக்கலாம். முன்னேற்றம் இல்லாவிட்டால் குழாய் பொருத்தும் முடிவை இழுத்தடிப்பது ஆபத்து. அந்த நிலை வந்தால் என்ன செய்வது என்பதை, உங்கள் தந்தை தெளிவாகப் பேசும்போதே அவரிடமும் மருத்துவரிடமும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.