ஃபைலோடு ஒட்டியிருக்கும் மறைவான தகவல்கள்: கேள்வி பதில்

கேள்வி: என் பேக்கப் புரோகிராம் ஒரு பைட்கூட விடாமல் காப்பி எடுக்கிறது. ஆனாலும் இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலுக்கு விண்டோஸ் காட்டும் எச்சரிக்கை, காப்பியைத் திறந்தால் வருவதில்லை. ஏன் சார்?

பதில்: நீங்கள் படித்து எழுதியது முதன்மை ஸ்ட்ரீமை, அதாவது ஃபைலின் வழக்கமான உள்ளடக்கத்தை மட்டும். விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில், ஒரே ஃபைலுக்குள் தனிப் பெயரோடு கூடுதல் ஸ்ட்ரீம்களும் இருக்கலாம். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 முதலே உள்ள வசதி இது. பிரவுசர் இறக்கிய ஃபைலில் 'ஸோன்.ஐடென்டிஃபையர்' என்ற ஸ்ட்ரீம் ஒட்டியிருக்கும். அதற்குள் 'ஸோன்ஐடி=3' என்று ஒரு வரி; 3 என்றால் இணையம். பல சமயம் இறக்கிய முகவரியும் கூடவே இருக்கும். எக்ஸ்ப்ளோரர் காட்டும் ஃபைல் அளவில் இது சேராது, அதனால்தான் உங்கள் சோதனையில் சிக்கவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் 'டிர் /ஆர்' கொடுங்கள், தெரியும்.

கேள்வி: கோடில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஸ்ட்ரீம், ஃபைண்ட்நெக்ஸ்ட்ஸ்ட்ரீம் என்ற விண்டோஸ் ஃபங்ஷன்களைக் கூப்பிடுங்கள். முதலில் வருவது முதன்மை ஸ்ட்ரீம், மற்றவைதான் உங்களுக்கு வேண்டியவை. காப்பி மட்டும்தான் வேலை என்றால் காப்பிஃபைல்எக்ஸ் போதும், ஸ்ட்ரீம்களையும் அதுவே கொண்டுபோகும். ஆனால் பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஸ்ட்ரீமுக்கு அங்கே இடமே இல்லை. டிஸ்க் ஸ்ட்ரீமை ஏற்குமா என்று கெட்வால்யூம்இன்ஃபர்மேஷன் ஃபங்ஷனில் முன்கூட்டியே பார்த்து, எது விடுபடும் என்று பயனரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுவது பேக்கப்புக்கு அழகல்ல.

கேள்வி: அண்ணா, என் எடிட்டர் தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதை அழித்து, பெயர் மாற்றுகிறது. இது பாதுகாப்பான முறைதானே?

பதில்: மின்சாரம் போனாலும் ஃபைல் பாதியில் நிற்காது, அந்த வகையில் நல்ல முறை. ஆனால் பழைய ஃபைலோடு அதன் ஸ்ட்ரீம், அனுமதிகள் எல்லாம் போய்விடும். அழிக்காமல் ரீப்ளேஸ்ஃபைலைக் கூப்பிடுங்கள், அவற்றைப் புதியதற்கு மாற்றித் தரும். இவ்வளவு பயனுள்ள ஃபங்ஷனைப் பலர் தொடுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

கேள்வி: லினக்ஸில்?

பதில்: அங்கே இப்படி ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவலுக்குப் பெயர் எக்ஸ்ஆட்டர். பைத்தானில் ஃபைல் வேலைகளுக்கான 'ஷட்டில்' (shutil) மாட்யூலின் 'காப்பி' அதை விட்டுவிடும், 'காப்பி2' எடுத்துப்போகும். டெர்மினலில் 'சிபி -ஏ'.

கேள்வி: மேக்கில் செருகிய பென்டிரைவில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல்கள் வருகின்றன. அழித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எக்ஸ்ஆட்டரும், ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற மேக்கின் கூடுதல் ஸ்ட்ரீமும் தங்க முடியாத டிஸ்கில், மேக் அவற்றை இப்படித் தனி ஃபைலாக எழுதிவைக்கிறது. விண்டோஸில் மட்டும் திறக்கப்போகும் படம், பாட்டு என்றால் அழிக்கலாம். மேக்குக்கே திரும்பப் போவதென்றால் மூல ஃபைலும் குட்டி ஃபைலுமான ஜோடியைப் பிரிக்காமல் ஒரே ஃபோல்டரில் விட்டுவையுங்கள்.