ஹாலில் ஆபீஸ், மூலையில் தையல் மெஷின்: வீட்டு இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. அப்போது நான் தினமும் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். இப்போது முழுக்க வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப் கம்பெனியுடையது. மானிட்டர், பிரிண்டர், யூபிஎஸ், மேஜை, நாற்காலி எல்லாம் என் பணம். ஹவுஸ் ஓனர், "நான் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேன்மா, கவலைப்படாதீங்க" என்கிறார். நான் தனியாகப் போட வேண்டுமா? - வேளச்சேரி வாசகி

பதில்: கண்டிப்பாகப் போடுங்கள். ஓனர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவருடைய பாலிசி அவருடைய கட்டடத்துக்கு. சுவர் ஊறினால், கதவு உப்பினால் அவருக்குப் பணம் வரும், உங்கள் மானிட்டருக்கு ஒரு ரூபாய்கூட வராது. வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஷரத்துகள் ஒன்றுதான். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து பொங்குவது எல்லாம் அதில் அடங்கும்.

இனி லேப்டாப். அது உங்கள் கையில் இருந்தாலும் உங்கள் பொருள் இல்லை, அதனால் உங்கள் வீட்டுப் பாலிசியில் அது தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். "கம்பெனி இன்ஷூரன்ஸில் இந்த லேப்டாப் என் வீட்டு முகவரியில் இருக்கும்போதும் சேருமா, வெள்ளத்தில் போனால் என் சம்பளத்தில் பிடிப்பீர்களா?" இந்த இரண்டு கேள்வி போதும். போனில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் சாமான்களைப் பொறுத்தவரை, இன்றே ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டிலும் தண்ணீர். பாலிசி இருந்தது. பில்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால், பாதி கூழாகிக் கிடந்தது. ஊறாமல் தப்பிய கடைப் பில்கள் எப்போதோ வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன, அந்த வழவழப்பான தாளில் அடித்த எழுத்து கொஞ்ச நாளில் தானாகவே மறைந்துவிடும். நஷ்டத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து "இதை எப்போது வாங்கினீர்கள், என்ன விலை?" என்று கேட்டபோது காட்ட என்னிடம் எதுவும் இல்லை, கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. அதனால் பில் வந்த அன்றே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு பொருளையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம், அறை முழுக்க ஒரு வீடியோ. செலவே இல்லாத வேலை இது.

வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டால் நனைந்த பொருளை 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள், இருக்கிற பழுதும் பெரிதாகும், உயிருக்கும் ஆபத்து. சுவரில் தண்ணீர்க் கோடு அழிவதற்குள் படம் எடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். கூடவே வாட்ஸ்அப்பில் சேலையும் விற்கிறேன், பீரோ நிறைய ஸ்டாக். சொந்த வீடு, என் கணவர் வீட்டு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார். அது போதும்தானே? - நங்கநல்லூர் வாசகி

பதில்: போதாதும்மா. வீட்டுப் பாலிசியில் 'சாமான்' என்றால் வீட்டு உபயோகச் சாமான். நீங்கள் கட்டுகிற சேலை அதில் வரும், விற்பதற்காக அடுக்கி வைத்திருக்கிற சேலை வராது. ஒரே பீரோவில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. தையல் மெஷின் ஒன்று வீட்டு உபயோகம் என்று சொல்லலாம், ஓவர்லாக்கோடு சேர்த்து மூன்று இருந்தால் அது தொழில் என்று யாருக்கும் புரியும்.

முதலில் வீட்டில் தொழில் நடப்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். 'பிரீமியம் ஏறிவிடும்' என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு, கிளெய்ம் நேரத்தில் அந்த மறைப்பே மறுப்பதற்குக் காரணமாகிவிடும். அப்புறம் ஸ்டாக்குக்கும் மெஷினுக்கும் தனிப் பாலிசி கேளுங்கள். மொத்த மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்கென்றே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்திருக்கிற பட்டுத் துணி உங்கள் ஸ்டாக் இல்லை, நம்பி ஒப்படைத்த அடுத்தவர் பொருள். முகூர்த்த மாதத்தில் உங்கள் அலமாரியில் அப்படி எத்தனை ஆயிரம் ரூபாய்த் துணி தொங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதையும் சேர்க்கச் சொல்லி, பாலிசியில் அந்த வரி அச்சாகி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கும்போதே பேங்கில் இன்ஷூரன்ஸ் போட்டார்கள். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். இன்னும் ஏதாவது வேண்டுமா? - பெரம்பூர் வாசகர்

பதில்: அந்தப் பாலிசியைத் தேடி எடுத்துப் படியுங்கள். கடனோடு வருவது பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான், இழப்பீடு வந்தாலும் முதலில் பேங்க் பாக்கிக்குத்தான் போகும். சில சமயம் அது வீட்டுக்கானதே இல்லை, கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். காப்புத் தொகை என்பது வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவு, மனை விலை அதில் சேராது. பாரத் கிரிஹ ரக்ஷாவில் கட்டடத்துக்கும் சாமானுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை சாமான்களுக்குத் தானாகக் கிடைக்கும். படிக்க வருகிற பிள்ளை படியில் விழுந்து கால் முறிந்தால் யார் பொறுப்பு என்பது வேறு விஷயம், அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. வீட்டுப் பாலிசியில் கிளெய்ம் தரமாட்டோம் என்கிறார்கள். இது நியாயமா? - முகப்பேர் வாசகர்

பதில்: வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஷரத்து அவர்கள் பக்கம். ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம் காரணமாக ஒரு மின்சாதனம் தானே பழுதானால் அந்தச் சாதனத்துக்கு வீட்டுப் பாலிசி தராது. அதிலிருந்து தீ பரவி மேஜை, திரைச்சீலை எரிந்திருந்தால் அவற்றுக்குக் கேட்கலாம். கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிறவர்கள் மின்னணுச் சாதனக் காப்பீடு தனியாக எடுப்பதுதான் வழி.

ஷரத்துக்கு மாறாக மறுத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. போகும்போது மறுப்புக் கடிதத்தையும் பாலிசியின் முழு நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்ல.