பழைய கம்ப்யூட்டர் எல்லாம் எங்க போகுது?

கேள்வி: சார், என் பையன் படிக்கிற ஸ்கூல்ல லேபுக்கு புது கம்ப்யூட்டர் வந்துடுச்சு, பழசு 40ம் மாடிப்படி கீழ தூசி படிஞ்சு கெடக்கு. அதெல்லாம் கடைசில எங்க போகும்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் பழைய சாமான் வியாபாரிங்க மொத்தமா விலை பேசி எடுத்துட்டு போயிடுவாங்கம்மா. ஓடுறதை தனியா பிரிச்சு, துடைச்சு, ராம் (மெமரி) மாத்தி சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்துல விப்பாங்க, அது நல்லதுதான், ஒரு காலேஜ் பிள்ளைக்கு கம்மி விலைல கெடைக்குதே. ஓடாததுதான் கவலை. உள்ள இருக்கற சர்க்யூட் போர்டை ஆசிட்ல போட்டு தங்கம் எடுக்கறாங்க, வயரை கொளுத்தி செம்பு எடுக்கறாங்க, பழைய டப்பா மானிட்டர் கண்ணாடில ஈயம் வேற இருக்கு, அந்தப் புகையும் தண்ணியும் அங்க வேலை செய்யறவங்க உடம்புலதான் போய் சேருது.

2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கற மின்கழிவு விதிப்படி, வருஷத்துல 1000 மின்சாதனமாவது வச்சிருக்கற நிறுவனம், அரசு கிட்ட பதிவு பண்ண மறுசுழற்சிக்காரங்க மாதிரியானவங்க கிட்டதான் கழிவை குடுக்கணும். உங்க ஸ்கூல் சின்னதா இருந்தாலும் அப்படியே செய்யச் சொல்லுங்க.

முக்கியமா, தகவல் எல்லாம் சேமிச்சு வைக்கற ஹார்ட் டிஸ்க்! நான் ஒருமுறை செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி அழிச்சதை திரும்ப எடுக்கற ரெக்கவரி சாப்ட்வேர் போட்டேன், ஏதோ ஒரு காலேஜ் பசங்களோட மார்க், அப்பா போன் நம்பர், போட்டோ எல்லாம் வரிசையா வந்து நிக்குது, மனசே பதறிடுச்சு. டெலிட் பண்ணா போதாது, சாதா ஃபார்மட்டும் போதாது, டிஸ்க் முழுக்க மேல எழுதி அழிக்கணும், இல்லன்னா துளை போட்டு உடைக்கணும். அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்ல இதை கண்டிப்பா கேளுங்கம்மா.