கொலாரெஸ் வைனும் ஊர்ப் பெயரின் உரிமையும்

கேள்வி: போர்த்துக்கல்லில் வசிக்கும் மருமகன் கொண்டுவந்த வைன் போத்தலில் ‘கொலாரெஸ்’ என்ற ஊர்ப் பெயர் சட்டப் பாதுகாப்புடன் பொறிக்கப்பட்டிருந்தது. கடற்கரை மணலில் விளைந்த முந்திரிகை என்றார். மணலில் அது எப்படி வளர்கிறது? எங்கள் யாழ்ப்பாண முந்திரிகைக்கும் அத்தகைய பாதுகாப்புக் கிடைக்குமா?
– தோட்டக்காரர் ஒருவர், உரும்பிராய்

பதில்: லிஸ்பனுக்கு மேற்கே, சிந்த்ரா மலைக்கும் அத்திலாந்திக் கடலுக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பகுதியே கொலாரெஸ். மேலே மணல் கிடந்தாலும், கொடி வேரூன்றுவது அடியிலுள்ள களிமண்ணில்தான். ஆகவே களி தென்படும்வரை மணலை அகழ்ந்து, அங்கே கொடியை நட்டு, அது வளர வளரப் பள்ளத்தைச் சிறிது சிறிதாக நிரப்புவார்கள். மணல் சரிந்து மூடினாலும் மூச்சுவிட இடமிருக்க வேண்டுமென்று, அக்காலத் தொழிலாளர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டே குழியில் இறங்கினர். உப்புக்காற்றின் வேகத்தால் அங்கே எங்களைப் போலப் பந்தலிடுவதில்லை. கொடியை நிலத்திலேயே படரவிட்டு, நாணல் தட்டிகளாலும் கல் மதில்களாலும் மறைப்புக் கட்டுகிறார்கள். பழம் முற்றும் காலத்தில், சுடுமணலில் குலை படாதபடி சிறு கோல்களால் முண்டு கொடுக்கிறார்கள்.

அந்த மணலே கொடிகளைக் காத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை வேரோடு அழித்த ஃபிலொக்செரா என்ற பூச்சியால் மணலில் பரவ முடியவில்லை. பிற இடங்களில் அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க முந்திரிகை வேர்களில் ஒட்டுக் கட்ட நேர்ந்தபோது, கொலாரெஸின் ரமிஸ்கோ இனம் சொந்த வேரிலேயே நின்றது. 1908இல் அரசு இப்பகுதிக்கு எல்லை வகுத்தது. 1931இல் விவசாயிகளின் கூட்டு வைன் சாலை தொடங்கியது. எல்லைக்கு வெளியே விளைந்ததற்கு இப்பெயரை இட முடியாது. சிவப்பு வைனுக்கு ரமிஸ்கோவே முதன்மை இனமாக இருக்க வேண்டும். ஆயினும் வருந்தத்தக்க உண்மை ஒன்றுண்டு: கடலோரக் காணிகள் உல்லாச வீடுகளுக்கு விலைபோனதால், அங்குள்ள தோட்டங்கள் இன்று சில பத்து ஹெக்டேயர்களாகச் சுருங்கிவிட்டன.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை வழி உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியல் குறியீட்டை, அதாவது ஒரு பொருளின் தனித்தன்மை அது விளையும் இடத்தால் வருகிறது என்று காட்டும் பெயரை, ஏற்கிறது. அதைப் பதிவு செய்வதற்கான ஏற்பாடு 2022இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் இங்கே பயிரிடப்படும் ‘இஸ்ரேல் புளூ’ என்ற முந்திரிகை இனம் வேறு இடங்களிலும் விளையக்கூடியது என்பதால், இனத்தின் பெயரை மட்டும் காட்டி உரிமை கோர இயலாது. எங்கள் செம்மண்ணும் கிணற்று நீரும் கவாத்து முறையும் பழத்துக்கு எந்தத் தனித்தன்மையைத் தருகின்றன என்பதை ஆய்வின் மூலம் நிறுவ வேண்டும். எந்தெந்த ஊர்கள் எல்லைக்குள் வரும் என்பதையும் தோட்டக்காரர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை உரும்பிராயிலேயே கூட்டுங்கள் என்பது என் வேண்டுகோள்.