சட்டம், மானியம்னு போட்டா ஜனங்க உண்மையிலேயே சோலாருக்கு மாறுவாங்களா?

மாறுவாங்க, மாறின ஆளா சொல்றேன். நீங்களும் கரண்ட் பில்லைப் பாத்து மலைச்சுப் போய்த்தான் கேட்டிருப்பீங்க.

எங்களுக்கு காரிமங்கலம் பக்கம். வீட்டு மாடியில சோலார் போட மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டம் 2024ல வந்துச்சு, மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னாங்க, லோன் வாங்கிப் போட்டுட்டோம். நெட் மீட்டர் (நாம எடுக்குற கரண்ட்டையும் வெளிய அனுப்புறதையும் தனித்தனியா கணக்கு வெக்கிற மீட்டர்) மாட்டி, செக் பண்ணி, திட்டத்தோட போர்ட்டல்ல ஏத்தின பிறகுதான் அந்தக் காசு அக்கவுண்ட்ல விழும்னு அப்ப புரியல. பேனல் மாடி ஏறியாச்சு, டியூ ஆரம்பிச்சாச்சு, மீட்டர் மட்டும் வரல. மாட்டினவரு ஆன் பண்ணிடாதீங்க, வெளிய போற கரண்ட்டையும் நீங்க எடுத்ததா பழைய மீட்டர் ஏத்திடும்னுட்டாரு. சித்திரை வெயில்ல மேல பேனல் சும்மா காயுது, கீழ எங்கம்மா பில்லுக்குப் பயந்து ஃபேனை நிறுத்தி நிறுத்திப் போடுறாங்க. வயிறு எரிஞ்சுது.

கரண்ட் ஆபீஸ்ல கேட்டா டிரான்ஸ்ஃபார்மர் லோடு தாங்குமான்னு பாக்கணும்னாங்க. நாலு தடவ போனேன், நாலு தடவையும் அதே பதில். அப்புறம் எங்க மச்சான்தான் சொன்னாரு, மின் நுகர்வோர் உரிமை விதிகள 2024 பிப்ரவரியில திருத்தி, 10 கிலோவாட் வரைக்கும் அந்த ஆய்வே தேவையில்லன்னு மத்திய அரசு போட்டிருக்குன்னு. பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேசையில வெச்சேன். ஒம்பதாவது நாள் மீட்டர் வந்துடுச்சு. அதிகாரிங்கள குறை சொல்றியான்னு கிளம்பி வராதீங்க, அங்க ஆள் பத்தலங்கறது எனக்கும் தெரியும், மழையில லைன்மேன் கம்பம் ஏறுறதப் பாத்து வளந்தவன்தான் நானு. ஆனா விதி இருக்குன்னு நாம கொண்டு போய்க் காட்டுனாத்தான் அது வேலை செய்யுதுன்னா, படிக்கத் தெரியாத எங்க பக்கத்து வீட்டு ஆயா என்ன பண்ணும்?

சட்டமே வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன். 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னதும் ஊரே குழி தோண்டலையா? அதே வருஷம் வந்த மின்சாரச் சட்டத்துலதான், மின் வினியோகம் பண்றவங்க சோலார், காத்தாலை மாதிரி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை இத்தனை சதவீதம் வாங்கியே ஆகணும்னு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கணும்னு 86வது பிரிவுல வெச்சாங்க.

இப்ப நல்ல வெயில்னா ஒரு நாளைக்கு 12 யூனிட் வருது. அதுவும் கழுவினாத்தான். எங்க ரோட்ல எம்சாண்ட் லாரிங்க தார்ப்பாய் போடாம பறக்குதுங்க, பேனல் மேல மாவு சலிச்ச மாதிரி தூசு, விரல வெச்சா கோடு விழுது. விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு கழுவுறேன், ஆயிரம் அடி போர் தண்ணி, காஞ்சா வெள்ளை வெள்ளையா உப்புக்கறை, அப்புறம் துணி போட்டுத் துடைக்கணும். கழுவாத வாரம் 9 யூனிட்டே தாண்டல. தார்ப்பாய் போடச் சொல்லி ரெண்டு தடவ மனு குடுத்துட்டேன், இன்னும் பதில் இல்ல.