அப்பன் சொத்தும் அப்பன் கடனும்

அன்புள்ள ஐயா,

அடிமைமுறைக்காக பிரிட்டன் இழப்பீடு தர வேண்டும் என்ற கரீபிய நாடுகளின் கோரிக்கையை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். செய்தவர்களும் இன்று இல்லை, பட்டவர்களும் இல்லை. இன்றைக்கு வரி கட்டும் ஒரு சாதாரண ஆங்கிலேயர் ஏன் அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்? இங்கிலாந்துத் திருச்சபையும் பேங்க் ஆஃப் இங்கிலாந்தும் மன்னிப்புக் கேட்டுவிட்டன. அதோடு விடக் கூடாதா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

தாத்தா செய்த கொலைக்குப் பேரனைச் சிறையில் போடக் கூடாது. அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் திருச்சபை, அரசு, வங்கி ஆகியவை மனிதர்களைப் போலச் சாவதில்லை. அவற்றின் சொத்து தலைமுறை தலைமுறையாக அவற்றிடமே இருக்கிறது. அப்பன் சொத்து வேண்டும், அப்பன் கடன் வேண்டாம் என்று ஒருவர் வந்து நின்றால் நம் ஊரில் ஒத்துக்கொள்வோமா?

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். இடையன்குடியில் கால்டுவெல் பணியாற்றியது நற்செய்தி பரப்பும் சங்கம் என்ற, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த அமைப்பின் ஊழியராக. அந்தச் சங்கம் தமிழ்நாட்டில் செய்த கல்விப்பணியை நன்றியோடுதான் நினைக்கிறேன். அதே சங்கத்துக்கு 1710இல் ஓர் உயில் மூலம் கரீபியத் தீவான பார்படோஸில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்கள் கிடைத்தன, அடிமைகளோடு சேர்த்து. அங்கே மனிதர்களின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ‘சொசைட்டி’ என்று சூடு போட்டார்கள்.

1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது இழப்பீடும் கொடுத்தார்கள். யாருக்கு? உடைமைக்காரர்களுக்கு. 2 கோடி பவுண்ட், அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அந்தச் சங்கத்துக்கும் 8,823 பவுண்ட் கிடைத்தது. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. பெரும்பாலானவர்கள் 1838 வரை ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் சாதாரண வரிதாரருக்கு வருவோம். அந்த இழப்பீட்டுக்காக அரசு 1835இல் ராத்ஸ்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் தரப்பிடம் 1.5 கோடி பவுண்ட் கடன் வாங்கியது. அது வேறு வேறு கடன் பத்திரங்களாக மாறி மாறி, 2015இல்தான் முழுக்கத் தீர்ந்தது. அதுவரை அதை அடைத்தது வரிப்பணம். அந்த வரியைக் கட்டியவர்களில் 1948க்குப் பிறகு ஜமைக்காவிலிருந்து வந்து பேருந்து ஓட்டியவர்களும், மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்தவர்களும் உண்டு. தங்கள் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த பணத்தை, தங்கள் சம்பளத்திலிருந்து இவர்கள் அடைத்திருக்கிறார்கள். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே 2015 செப்டம்பரில் பிரதமர் டேவிட் கேமரூன் ஜமைக்கா நாடாளுமன்றத்தில் நின்று, இந்த வேதனையைக் கடந்து முன்னே செல்வோம் என்றார்.

மன்னிப்பு போதாதா என்கிறீர்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 2006இல் மன்னிப்புக் கேட்டது. பணம் எதுவும் நகரவில்லை. அப்புறம் திருச்சபையின் சொத்துகளைக் கவனிக்கும் ஆணையர்கள் பழைய பேரேடுகளைத் திறந்து பார்த்தார்கள். அடிமைகளைக் கப்பலில் ஏற்றி விற்ற தென்கடல் கம்பெனியில் போட்ட முதலீடு அதில் இருந்தது. 2023இல் 10 கோடி பவுண்ட் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்திலும் இப்படித்தான். 1770களில் ஒரு வாராக்கடனுக்காக கரீபியத் தீவான கிரெனடாவில் இரண்டு தோட்டங்கள் வங்கியின் கைக்கு வந்தன. அவற்றோடு 599 மனிதர்களும். இதை வங்கியே 2022இல் தன் ஆவணங்களிலிருந்து வெளியே சொன்னது. ஆகவே நான் முதலில் கேட்பது கணக்குப் புத்தகத்தை. மன்னிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

அந்த நற்செய்திச் சங்கத்தின் இன்றைய வாரிசு அமைப்பு 2023இல் காட்ரிங்டனுக்காக 70 லட்சம் பவுண்ட் திட்டம் ஒன்றை அறிவித்தது. அடிமைகளைப் புதைத்த இடங்களைப் பேணுவதும், அவர்களுடைய வழித்தோன்றல்கள் தங்கள் குடும்பத்தின் வேரைத் தேட உதவுவதும் அதில் உண்டு.