இறகு உதிர்க்கும் கோழிக்கு என்ன இரை போடுவது?

தீபாவளி முடிந்ததும் என் கோழி கழுத்திலும் முதுகிலும் இறகைக் கொட்டிவிட்டது. இரண்டு வயது இருக்கும். முட்டையும் நின்றுவிட்டது. ஏதாவது சீக்கா? (உசிலம்பட்டி)

பெரும்பாலும் சீக்கு இல்லை. ஒரு வயது தாண்டிய கோழி பழைய இறகைத் தள்ளிவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளும். பகல் சுருங்கும் மாதங்களில் இது நடக்கும். ஆனால் மதுரைப் பக்கம் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வித்தியாசம். அதனால் இங்கே எல்லாக் கோழியும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை. அடை எழுந்து, குஞ்சைப் பிரித்துவிட்ட பிறகு உதிர்க்கும் கோழிகளும் உண்டு.

தலை, கழுத்தில் ஆரம்பித்து முதுகு, இறக்கை, வால் என்று போகிறதா, உதிர்ந்த இடத்தில் முள் மாதிரி புது முளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கவலை வேண்டாம், இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். முளை இல்லாமல் தோல் சிவந்து, ஆசனவாய்ப் பக்கமும் இறக்கைக்கு அடியிலும் பேன் ஊர்ந்தால் அது வேறு கதை. அப்போது முதலில் பேனுக்கு வைத்தியம் பாருங்கள். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும், அழுத்திப் பிடித்தால் வலிக்கும். எனவே இந்த நாட்களில் கோழியை அடிக்கடி கையில் தூக்காதீர்கள்.

முட்டைதான் இல்லையே, இரையைக் குறைத்துவிடலாமா? இப்போது குருணை மட்டும் போடுகிறேன். (திருமங்கலம்)

தயவுசெய்து குறைக்காதீர்கள். எனக்கு வருத்தம் தரும் தவறு இது. இறகில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம். முட்டை போடாவிட்டாலும் கோழி உடம்பு முழுக்கப் புதுச் சட்டை நெய்துகொண்டிருக்கிறது. அரிசிக் குருணையில் புரதம் 7, 8 சதவீதம்தான், கம்பில் 11 அளவில் இருக்கும். இந்தச் சமயத்தில் கோழிக்குத் தேவை 16 முதல் 18.

10 கிலோ கலவைக்கு நான் சொல்லும் கணக்கு இது: உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 6 கிலோ, அரிசித் தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் அரை கிலோ. மேய்ச்சலுக்குப் போகும் கோழிக்குச் சாயங்காலம் கூட்டுக்குள் அடையும் முன் 40 கிராம், அதாவது ஒரு கைப்பிடி போதும். அடைத்து வளர்த்தால் இரண்டு மடங்கு வேண்டும். கடலைப் புண்ணாக்கில் கால் பங்கைக் குறைத்து எள்ளுப் புண்ணாக்கு சேர்த்தால் இன்னும் நல்லது. இறகுக்கு வேண்டிய கந்தகச் சத்துள்ள மெத்தியோனின் எள்ளில் நிறைய உண்டு, கடலையில் குறைவு.

கருவாடு விஷயத்தில் கவனம். சமையலுக்கு வாங்கும் உப்புக் கருவாட்டைப் போட்டால் கோழி தண்ணீராகக் குடிக்கும், கழியும், செத்தும் போகும்.

மழையில் புண்ணாக்கு லேசாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. வெயிலில் காயவைத்துப் போடலாமா? (மேலூர்)

கூடாது. பூஞ்சை காய்ந்துவிடும், அது விட்டுவைத்த நஞ்சு காயாது. வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. அது ஈரலைக் கெடுக்கும். ஒரு கார்த்திகையில் நானே இப்படி மூன்று கோழிகளைப் பறிகொடுத்தேன். காசு போனாலும் பரவாயில்லை, அதை மாட்டுக்கும் வைக்காமல் குழியில் போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் புண்ணாக்கு வாங்கி வைக்க வேண்டாம்.

கரையான், அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி) இரண்டில் எது மேல்? (அலங்காநல்லூர்)

குஞ்சுக்குக் கரையான். பழைய மண்பானையில் ஈரச் சாணம், கிழிந்த சாக்கு, காய்ந்த ஓலை திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் வெயில் ஏறும் முன் எடுத்துத் தட்டிவிட்டால் குஞ்சுகள் ஓடி வந்து பொறுக்கும். பூச்சிமருந்து ஊற்றிய மண் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். அசோலாவைக் காய்ந்த எடைக்குக் கணக்கிட்டால் புரதம் 25 சதவீதம் வரும். ஆனால் பச்சையாக அள்ளும்போது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கீரை மாதிரி கூடவே கொடுங்கள், அதையே இரையாக நம்ப வேண்டாம். முருங்கைக்கீரையும் அப்படித்தான்.

கிளிஞ்சல் தொடர்ந்து வைக்கலாமா? (சோழவந்தான்)

தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி தின்னும். முட்டை நின்ற காலத்தில் இரையோடு கலக்க வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்புதான், வளரும் குஞ்சுக்கு அது அதிகமானால் சிறுநீரகத்துக்குக் கேடு.

மார்கழிக் குளிருக்குக் கூட்டில் பல்பு போட வேண்டுமா? (வாடிப்பட்டி)

வளர்ந்த கோழிக்கு வேண்டாம். நம் பக்கம் ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது, அதைக் கோழி தாங்கும். தாங்காதது ஈரம். இறகு இல்லாத முதுகில் சாரல் அடித்தால் சளி பிடிக்கும். சாரல் வரும் பக்கம் சாக்குத் தொங்கவிட்டு, மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். தரையில் இரண்டு அங்குலம் உமி போட்டு, நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள்.

தாய் இல்லாத குஞ்சுகளுக்கு மட்டும் பல்பு அவசியம். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்துங்கள்.